கோணல் வயலை அளந்த வைத்திலிங்கம்

வைத்திலிங்கம் வாத்தியார் இறந்த செய்தி எனக்குப் பஸ்ஸில் வந்தது. பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. அங்கே பிறக்கிறவர்களும் இறக்கிறவர்களும் பஸ்ஸை நம்பித்தான் வெளியூருக்குத் தெரியவர வேண்டும். காலை வண்டி எங்கள் பள்ளிக்கூடத்துக்கு எதிரே நின்றது. கண்டக்டர் எங்களிடம் படித்தவன். படியிலிருந்து இறங்காமலேயே, "சார், நம்ம கணக்கு வாத்தியாரு நேத்து சாயங்காலம் போயிட்டாருங்க. மக வூட்லதான் இருந்தாரு. உங்களுக்குச் சொல்லச் சொன்னாங்க" என்றான். உடனே திரும்பி, "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்தினான். அது எனக்குச் சொன்னதல்ல.

அடுத்த வண்டியில் கிளம்பினேன். யுத்தம் முடிந்துவிட்டதாக அரசாங்கம் அறிவித்திருந்தாலும் எங்கள் தடத்து வண்டிகளுக்கு அந்த அறிவிப்பு இன்னும் வந்து சேரவில்லை. அவை பெட்ரோலுக்குப் பதில் கரியில்தான் ஓடுகின்றன. மேடு வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ள வேண்டும். அரியலூரைத் தாண்டி ஒரு மேட்டில் நானும் இறங்கித் தள்ளினேன். நான் பெரம்பலூர் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் சுடுகாட்டிலிருந்து திரும்பிக் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவருடைய மகள் எனக்கு மோர் கொடுத்து, "அப்பா உங்களைப் பத்தி அடிக்கடி பேசுவாங்க" என்றாள். என்ன பேசுவார் என்று நான் கேட்கவில்லை. துக்கத்தினால் கேட்கவில்லை என்று அங்கே இருந்தவர்கள் நினைத்திருக்கலாம்.

இதைப் படிக்கிற உங்களில் பலர் அவரிடம் நாலாம் வகுப்பிலோ ஐந்தாம் வகுப்பிலோ கணக்குப் படித்தவர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். திருமானூருக்குப் பக்கத்தில் எங்களுடையது ஒரு போர்டு பள்ளிக்கூடம். அவர் மேல் வகுப்புகளுக்குக் கணக்குச் சொன்னார். நான் தமிழ் சொன்னேன். தலைமையாசிரியர் ஆஜர் எடுத்தார்.

அந்தக் காலத்துப் பாடப் புத்தகத்தில் பரப்பளவுக்கு 'விஸ்தீரணம்' என்று போட்டிருந்தது. அந்தச் சொல்லை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பிள்ளைகளுக்குப் பசி வந்துவிடும். வைத்திலிங்கம் அதை 'இடம்' என்றே சொல்வார். யுத்தத்தில் காகிதம் கிடைக்காது, சிலேட்டுகள் பாதி உடைந்தவை. ஆகவே அவர் கிணற்றுக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்து, இரண்டு நுனிகளையும் முடிந்து, நாலு பிள்ளைகளை நாலு மூலையில் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்வார். கயிறு சதுரமாக நிற்கும்போது வகுப்பு முழுவதும் உள்ளே உட்காரும். பிறகு அந்த நாலு பேரும் நகர்ந்து கயிற்றை நீளமாகவும் ஒடுக்கமாகவும் பிடிப்பார்கள். உள்ளே இருப்பவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கத்துவார்கள். "கயிறு அதே கயிறுதானே, ஏண்டா இடம் பத்தலை?" என்பார். அவர் அடிக்கடி சொல்லும் வாக்கியம் இது: "சுத்தி நடந்தா நீளம்தான் தெரியும். உள்ள உக்காந்தாத்தான் இடம் தெரியும்." நான் தமிழ் வகுப்பில் இலக்கணம் நடத்திக்கொண்டிருக்கும்போது இந்தச் சத்தம் கேட்கும். என் பிள்ளைகள் ஜன்னலைப் பார்ப்பார்கள். நான் அவரை இடைஞ்சல் என்று தலைமையாசிரியரிடம் சொல்லியிருக்கிறேன்.

இவ்வளவும் தெரிந்த மனிதர் ஒரு விஷயத்தில் ஊரோடு சேர்ந்து தவறினார். அந்தத் தவறைப் பற்றித்தான் நான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் வயலைக் குழிக்கணக்கில் சொல்வார்கள். பன்னிரண்டடிக் கோல் ஒன்று உண்டு. ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் உள்ள சதுரம் ஒரு குழி. நூறு குழி ஒரு மா. நாலு பக்கமுள்ள எந்த வயலானாலும் அளக்கிற முறை ஒன்றுதான். எதிரெதிராக உள்ள இரண்டு பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கு, மற்ற இரண்டையும் கூட்டிப் பாதியாக்கு, இரண்டு பாதிகளையும் பெருக்கு, வந்தது குழி. வைத்திலிங்கம் தம் வாத்தியாரிடம் இதைக் கற்றார், அந்த வாத்தியார் அவருடைய வாத்தியாரிடம் கற்றார். நேரான வயலுக்கு இது சரியான விடை தரும். சாய்ந்த வயலுக்கு எப்போதும் கூடுதலாகவே தரும், ஒருநாளும் குறைத்துத் தராது. அத்தனை காலம் அந்த முறை செல்வாக்கோடு இருந்ததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். தன் நிலத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிற கணக்கை யார் குறை சொல்வார்?

எங்கள் ஊரில் பெரியசாமி, கலியபெருமாள் என்று அண்ணன் தம்பி இருவர். தகப்பனார் இறந்ததும் வயலைப் பாகம் பிரித்தார்கள். ஊர் நிலக்கணக்கு எழுதுகிற கர்ணத்தின் மேல் இருவருக்கும் நம்பிக்கையில்லை. அண்ணனும் தம்பியும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். ஆகவே வைத்திலிங்கத்தை அளக்கக் கூப்பிட்டார்கள். வயலின் ஒரு பாதி நேரான செவ்வகம், இருபது கோலுக்குப் பதினைந்து கோல். மறுபாதி வாய்க்கால் போகிற போக்கில் சாய்ந்திருந்தது. ஆனால் அதற்கும் பக்கங்கள் இருபதும் பதினைந்தும்தான். பெருக்கினார். இரண்டும் முந்நூறு குழி. அண்ணனுக்கு மூன்று மா, தம்பிக்கு மூன்று மா. நேரானதை அண்ணன் எடுத்துக்கொண்டார், சாய்ந்ததைத் தம்பி. நடுவில் கல் நட்டுச் சூடம் கொளுத்தினார்கள். இவ்வளவு ஒழுங்கான பாகப்பிரிவினையை ஊர் பார்த்ததில்லை என்று எல்லோரும் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வோர் அறுவடையிலும் கலியபெருமாளுக்கு நெல் குறைந்தது. ஒரே மண், ஒரே வாய்க்கால், ஒரே விதை, ஒரே மூன்று மா. அண்ணனுக்கு விளைகிறது, தம்பிக்கு விளையவில்லை. ஊர் தீர்ப்புச் சொல்ல அதிக நாள் எடுத்துக்கொள்ளவில்லை. கலியபெருமாள் சோம்பேறி. அவர் விடியுமுன் மண்வெட்டியோடு போவதைப் பார்த்தவர்கள்கூட, போய்த் தூங்குவதாகச் சொன்னார்கள். அவருடைய மனைவி அஞ்சலையும் அதையே நம்பினாள். நான் ஐந்தாம் வகுப்புக்குச் 'சோம்பலின் தீமை' என்று கட்டுரை கொடுத்தபோது பல பிள்ளைகள் அவர் பெயரை உதாரணமாக எழுதினார்கள். நான் எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தினேன்.

இப்படியே சில வருஷங்கள் போயின. ஒருநாள் இன்ஸ்பெக்டர் வந்தார்.

இன்ஸ்பெக்டர் வருகைக்கு ஒரு வாரமாகவே ஒத்திகை நடந்தது. எந்தப் பிள்ளை எந்தக் கேள்விக்கு எழுந்திருக்க வேண்டும் என்பது முடிவாகியிருந்தது. வைத்திலிங்கம் மட்டும் ஒத்திகைக்கு வரவில்லை. அவர் நாலு மூங்கில் பிளாச்சுகளை மூலைகளில் நூலால் கட்டிச் செவ்வகமாக ஒரு சட்டம் செய்துகொண்டிருந்தார். அதைப் பலகைமேல் வைத்து, உள்ளே புளியங்கொட்டைகளை ஒன்றோடொன்று முட்ட ஒரே அடுக்காகப் பரப்பி, "இதுதான் இந்தச் சட்டத்தோட இடம்" என்று காட்டுவது அவர் திட்டம். அன்று அப்படியே காட்டினார். பிள்ளைகள் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி விடை சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் சந்தோஷப்பட்டு, சட்டத்தைத் தம் பக்கம் இழுத்துப் பார்த்தார். நூல் இளகிச் சட்டம் சாய்ந்தது. உள்ளே இருந்த கொட்டைகள் நெருக்கிக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறின. ஒரு கைப்பிடி வெளியே கொட்டிற்று.

"பரவாயில்லை, பரவாயில்லை" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இளநீர் வந்திடுச்சுங்க" என்றார் தலைமையாசிரியர்.

எல்லோரும் இளநீரைப் பார்த்தோம். வைத்திலிங்கம் மட்டும் கொட்டைகளைப் பொறுக்கித் திரும்ப உள்ளே வைக்கப் பார்த்தார். வைக்க இடமில்லை. பிளாச்சுகள் நீளவுமில்லை, குறையவுமில்லை. அவர் சட்டத்தை இன்னும் கொஞ்சம் சாய்த்தார், இன்னும் கொட்டிற்று. அவர் முகம் அன்று எப்படி மாறியது என்பதை நான் பார்த்தேன். ஏதோ பண்டம் உடைந்துவிட்டதற்கு இவ்வளவு வருத்தமா என்று நினைத்துக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் பார்வைப் புத்தகத்தில், 'கணக்குப் போதனை சிறப்பாக உள்ளது' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

மத்தியானம் அவருக்குப் பள்ளிக்கூடத்திலேயே சாப்பாடு. இலை போட்டாயிற்று. இன்ஸ்பெக்டர் கை கழுவப் போன சமயத்தில் வைத்திலிங்கம் வந்து அந்த இலையை எடுத்து, நகத்தால் நரம்பை ஒட்டிக் கிழித்துச் சாய்ந்த நாற்கோணமாக ஒரு துண்டு எடுத்தார். தலைமையாசிரியர் ஓடி வந்தார்.

"வைத்திலிங்கம்! அது இன்ஸ்பெக்டர் இலை!"

அவர் காதில் அது விழவில்லை. துண்டின் ஒரு பக்கத்து மூலையை முக்கோணமாகக் கிழித்து, மறுபக்கத்தில் கொண்டுபோய் ஒட்டினாற்போல வைத்தார். சாய்ந்த நாற்கோணம் நேரான செவ்வகமாயிற்று. நீளம் அதேதான், அகலம் மட்டும் குறைந்திருந்தது. சாய்ந்த பக்கத்தை அளக்கக் கூடாது, நேர்குறுக்கே அளக்க வேண்டும் என்று அந்த இலை சொல்லிற்று. அவர் என்னைப் பார்த்தார்.

"சார், கலியபெருமாள் வயலை நான் எப்படி அளந்தேன்?"

"கோலால் அளந்தீர்கள்" என்றேன்.

"அது எனக்குத் தெரியும்" என்றார்.

இன்ஸ்பெக்டர் வேறு இலையில் சாப்பிட்டார்.

மறுநாள் வைத்திலிங்கம் கோலை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் அளந்தார். சாய்ந்த வயலின் நேர்குறுக்கு பன்னிரண்டு கோல்தான். இருபதைப் பன்னிரண்டால் பெருக்கினால் இருநூற்று நாற்பது. கலியபெருமாளுக்கு முந்நூறு குழி என்று சொல்லி அறுபது குழியை அவர் ஒருநாளும் கொடுக்கவில்லை. திரும்பி வந்து, ஊரில் சொல்லப் போவதாகத் தலைமையாசிரியரிடம் தெரிவித்தார்.

தலைமையாசிரியர் கதவைச் சாத்தினார். நாங்கள் எல்லோரும் உள்ளே இருந்தோம். "ஸ்கூல் மானம் என்ன ஆவுறது? வாத்தியாருக்கே தப்பா வருதுன்னு தெரிஞ்சா நாளைக்கு எவனும் வாய்ப்பாட்டையே நம்பமாட்டான்."

"வாய்ப்பாடு என்னை நம்பி இல்லீங்க."

"இன்ஸ்பெக்டரே நல்லாருக்குன்னு எழுதிட்டுப் போயிருக்காரு!"

"அதுவும் எனக்கு வெட்கமாத்தான் இருக்கு" என்றார் வைத்திலிங்கம்.

'வெட்கம்' என்ற சொல்லை அந்த அறையில் அதற்கு முன் யாரும் பயன்படுத்தியதில்லை. அது ஏதோ வியாதியின் பெயர் போல நாங்கள் கொஞ்சம் விலகி உட்கார்ந்தோம். அவர் வெளியே போய்ச் செருப்பைத் தேடினார். அவர் முதலில் போனது அண்ணனிடம். அவர் ஏதாவது உளறினால் இழுத்துக்கொண்டு வரும்படி தலைமையாசிரியர் என்னைக் கூட அனுப்பினார்.

பெரியசாமி களத்தில் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். "வாங்க வாத்தியாரே. என்ன இந்த நேரத்துல? எம் பய எதும் பண்ணிட்டானா?"

"அவன் பண்ணலை. நான் பண்ணிட்டேன்" என்றார் வைத்திலிங்கம். எல்லாவற்றையும் சொன்னார்.

பெரியசாமி வைக்கோலைக் கீழே போட்டார். "அளந்தது நீங்க. சரின்னது ஊரு. கல்லு நட்டுச் சூடம் காட்டியாச்சு. இப்ப வந்து கல்லைப் புடுங்குன்னா எப்படிங்க? எங்கப்பன் காலத்துலேருந்து இப்படித்தானே அளக்குறாங்க?"

"ஆமா. அப்பவும் தப்புதான்."

"எங்கப்பனையே தப்புங்கிறீங்களா?"

"எங்க வாத்தியாரையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

"நல்லாருக்கு. அந்தச் சோம்பேறிப்பயலுக்கு எம் பாகத்தைக் கொடுத்தா அதுலயும் படுத்துத் தூங்குவான்" என்று சொல்லிவிட்டுப் பெரியசாமி வைக்கோலை மறுபடி எடுத்துக்கொண்டார். எங்களை உட்காரச் சொல்லவில்லை.

கலியபெருமாள் வயலில் இருந்தார். கேட்டு முடித்ததும் வரப்பில் உட்கார்ந்தார். மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. அடிப்பார் என்று நினைத்து நான் சற்றுத் தள்ளி நின்றேன். கடைசியில் அவர் கேட்டார்: "அப்ப இந்த வயக்காடு இவ்வளவுதான் வெளையுமா?"

"இதுக்கு இவ்வளவு விளைஞ்சதே உங்க உழைப்பு. குழிக்குக் குழி பார்த்தா அண்ணனுக்குக் குறைவில்லை" என்றார் வைத்திலிங்கம்.

"நெலம் கெடக்கட்டும் வாத்தியாரே" என்று அவர் எழுந்தார். "நீங்க வந்து அஞ்சலைகிட்ட சொல்லுங்க."

அவர் எங்களை வீட்டுக்கு அழைத்துப் போனார். கிட்டத்தட்ட ஓடினார் என்றே சொல்ல வேண்டும். அஞ்சலை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வைத்திலிங்கம் அந்த முற்றத்தில் குந்தி, அரிசியைக் கொண்டே சாய்ந்த நாற்கோணம் போட்டு அவளுக்குக் காட்டினார். அவள் கணவனைப் பார்த்தாள், அரிசியைப் பார்த்தாள்.

"அப்ப நான் இத்தினி வருசமா இந்த ஆளைத் திட்டுனதெல்லாம்?"

"எனக்கு வரவேண்டியதும்மா."

"உங்களைத் திட்ட முடியுதா? வாத்தியாராப் போயிட்டீங்க." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏன்யா, நீயாவது ஒரு தடவை, நான் தூங்கலடீன்னு சத்தம் போட்டிருக்கலாமில்ல?" என்றாள்.

"எனக்கே சந்தேகம் வந்திருச்சு புள்ள" என்றார் கலியபெருமாள்.

நான் புத்தகங்கள் நிறையப் படித்தவன் என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. அந்த ஒரு வரியை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. ஊர் முழுவதும் ஒருவரைச் சோம்பேறி என்றால், விடியுமுன் எழுகிறவருக்கும் தன்மேல் சந்தேகம் வந்துவிடுகிறது. வைத்திலிங்கம் தலை நிமிராமல் அரிசியைக் கூட்டி முறத்தில் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வரும் வழியில், "நிலத்தை மட்டும்தான் தப்பா அளந்தேன்னு நெனச்சேன்" என்றார்.

வீட்டில் சொன்னது போதாது என்று அவரே முடிவு செய்தார். சோம்பேறி என்று பேசினது ஊர், ஆகவே ஊருக்குத் தெரிய வேண்டும். அறுவடை முடிந்து பொதுக்களம் காலியாக இருந்த ஒரு நாள், சாம்பலால் அங்கே இரண்டு உருவங்களைப் போட்டார். ஒன்று நேர், ஒன்று சாய்வு. இரண்டுக்கும் பக்கங்கள் இருபதடியும் பதினைந்தடியும். பக்கங்களை ஊர்க்காரர்களையே அளந்து பார்க்கச் சொன்னார். ஒருவர் மாற்றி ஒருவர் அளந்து, இரண்டும் ஒன்றுதான் என்று ஒப்புக்கொண்டார்கள். பெரியசாமியும் அளந்தார். பிறகு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை நேர் உருவத்துக்குள் முழங்கால் முட்ட வரிசையாக உட்கார வைத்தார். எல்லோரும் உள்ளே அடங்கினார்கள். "அப்படியே எழுந்து அதுல போய் உக்காருங்க" என்று சாய்ந்ததைக் காட்டினார்.

ஓடிப்போய் உட்கார்ந்தார்கள். பின்வரிசைக்காரர்களுக்கு இடமில்லை. பத்துப் பேர்போல வெளியே நின்றார்கள். அவர்களில் பெரியசாமியின் மகனும் ஒருவன்.

பெரியசாமிக்குப் பொறுக்கவில்லை. "டேய், ஏண்டா நிக்கிறே? உள்ள போய் உக்காருடா!"

"எடம் இல்லப்பா" என்றான் பையன்.

"நல்லா நெருக்கி உக்காருடா!"

"நெருக்கித்தாம்ப்பா உக்காந்திருக்காங்க. நீ வேணா வந்து பாரு."

களத்தில் சிரிப்பு எழுந்தது. வைத்திலிங்கம் சிரிக்கவில்லை. அவர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்று சொன்னார்: "வெளில நிக்கிற பிள்ளைங்கதான் நான் கலியபெருமாளுக்குக் கொடுக்காத நிலம். தப்பா அளந்தது நான். அவரைச் சோம்பேறின்னு சொன்ன வாயெல்லாம் இனிமே என்னைச் சொல்லணும்."

அப்போது மற்ற வாத்தியார்களாகிய நாங்கள் எங்கே இருந்தோம் என்று நீங்கள் கேட்கலாம். களத்துக்கு வெளியே ஒரு வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தோம். யாராவது பார்த்தால் வழியே போகிறவர்கள் என்று நினைக்கும்படி நின்றோம்.

அடுத்த உழவுக்கு முன் பெரியசாமி வரப்பைத் தன் பக்கம் ஒன்றரைக் கோல் தள்ளிப் போட்டார். முப்பது குழி. இருவருக்கும் இருநூற்று எழுபது ஆயிற்று. "கணக்குக்காவக் கொடுக்கலை. எம் புள்ள வெளில நின்னதைப் பாக்கச் சகிக்கலை" என்று அவர் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். கலியபெருமாளை யாரும் அதற்குப் பிறகு சோம்பேறி என்று சொல்லவில்லை. ஊர் மன்னிப்புக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. பேச்சை மாற்றிக்கொண்டது, அவ்வளவுதான்.

வைத்திலிங்கம் கேட்டுக்கொண்டபடி அந்த வாயெல்லாம் அவர்மேல் திரும்பின. 'தப்புக்கணக்கு வாத்தியார்' என்று பெயர் வந்தது. வயல் அளக்க யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை. பழைய முறையிலேயே அளக்கிற வேறு ஆளைக் கூப்பிட்டார்கள். அந்த ஆள் அளந்தால் நிலம் கூடுதலாக வந்தது. எங்கள் அறையில் நாங்களும் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தோம். அவர் உள்ளே வந்தால் நிறுத்துவோம். அவர், "ஏன் நிறுத்திட்டீங்க? பெயர் சரியாத்தானே இருக்கு" என்பார். கோபமாகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று கடைசிவரை எங்களுக்குப் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பழைய மாணவர்களைத் தேடிப் போனார். முன்பு சொல்லிக் கொடுத்த முறை தப்பு என்று அவர்களுக்குச் சொல்வதற்காக. ஒரு பிள்ளை பாடாலூரில் மாமனார் வீட்டோடு இருக்கிறான் என்று கேள்விப்பட்டு, பஸ் பிடித்து அவ்வளவு தூரம் போனார். எனக்குச் செய்தி சொன்ன கண்டக்டரிடமும் அரியலூர் ஸ்டாண்டில் போய்ச் சொல்லியிருக்கிறார். வண்டியில் ஏறி அவன் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நாலாம் வகுப்புல நாற்கோணத்துக்கு நான் சொன்னதை மறந்துடு" என்றாராம். "அதை நான் அப்பவே மறந்துட்டேங்க. எங்க போவணும், டிக்கெட் வாங்குங்க" என்று இவன் கேட்டிருக்கிறான். எங்கும் போகவில்லை என்று சொல்லி அவர் இறங்கிவிட்டார். இதை அவன் எனக்குச் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். பாதியில் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

வகுப்பிலும் ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டார். பாடம் தொடங்குமுன், "நேத்து நான் சொன்னதுல ஏதாவது ஒத்துவராம இருக்கா?" என்று கேட்பார். பிள்ளைகள் முதலில் பயந்தார்கள். பிறகு அது அவர்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. தப்புக் கண்டுபிடிப்பதற்காகவே பாடத்தைக் கவனித்தார்கள். அவர் வகுப்பில்தான் பிள்ளைகள் கணக்கை நன்றாகப் போட்டார்கள் என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் சொன்னதில்லை.

சென்ற வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் அவருக்கு அனுதாபக் கூட்டம் நடந்தது. தலைமையாசிரியர் தலைமை வகித்தார். வைத்திலிங்கம் வாழ்நாளில் ஒரு கணக்கையும் பிழையாகப் போட்டதில்லை என்று அவர் ஆரம்பித்தார். அடுத்துப் பேசியவர் அதையே இன்னும் உரக்கச் சொன்னார். எல்லோரும் ஒரே கருத்தாக இருந்தோம். அப்போது பின்னாலிருந்து கலியபெருமாள் எழுந்தார். தலை நரைத்துவிட்டது. அவர் பெயர் பேசுகிறவர்கள் ஜாபிதாவில் இல்லை.

"எனக்குத் தப்பா அளந்தவரு இவருதாங்க" என்றார்.

தலைமையாசிரியர் மணியைத் தட்டினார். "உக்காருங்க, உக்காருங்க. இது அந்த மாதிரிப் பேசுற எடம் இல்லை."

"இருங்க. தப்பா அளந்தவரு இவரு ஒருத்தருதான்னா சொல்றேன்? ஊரே என்னைத் தப்பா அளந்துச்சு. எம் பொண்டாட்டியும்தான். வூடு தேடி வந்து, தப்பா அளந்துட்டேன்னு சொன்னவரு இவரு ஒருத்தருதாங்க. வேற யாரும் இன்னி வரைக்கும் வரலை."

அவர் உட்கார்ந்துவிட்டார். மணி மறுபடி அடித்தது. அடுத்து நான் பேச வேண்டும். கையில் எழுதி வைத்திருந்தேன். அதன் முதல் வரி, 'பிழை என்பதையே அறியாத பெருந்தகை' என்று இருந்தது. மடித்துப் பையில் வைத்துவிட்டு, நடந்ததைச் சொல்லியிருக்கலாம். கலியபெருமாள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுதியிருந்ததையே படித்தேன். நன்றாக இருந்ததாகத் தலைமையாசிரியர் சொன்னார்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். வைத்திலிங்கம் பிழையறியாதவர் அல்ல. பெரிய பிழை ஒன்று செய்தவர். அதை மறைக்க எத்தனையோ வழி இருந்தும், எங்களைப் போன்ற நண்பர்களின் உதவி இருந்தும், மறைக்கத் தெரியாதவர். அவரிடமிருந்து எனக்கு எஞ்சியது அவருடைய வெட்கம்தான். பரப்பளவு எனக்கு ஏற்கெனவே வராது. ஆனால் அவருக்கு வெட்கம் வந்தால் செருப்பைத் தேடுவார். எனக்கு வந்தால் பேனாவைத் தேடுகிறேன். அதை நானும் சரியாகக் கற்றுக்கொண்டேன் என்று இங்கே சொல்ல முடியவில்லை.

கலியபெருமாள் வீடு என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். வேறு யாரும் இன்றுவரை வரவில்லை என்று அவர் சொன்னதில் நானும் சேர்த்தி. இன்று ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடம் கிடையாது. மழையும் இல்லை. அவர் வயலுக்குப் போகாமல் வாசலில்தான் இருக்கிறார் என்று இப்போதுதான் அந்தப் பக்கமிருந்து வந்த ஒருவர் சொல்லிவிட்டுப் போனார்.